வேகம் வேண்டுமா, பஞ்சர் வேண்டாமா?
சைக்கிள் டயரைத் தேர்ந்தெடுக்க உதவும் இயற்பியல்

இயற்பியல் செய்முறைத் தேர்வு நடந்த ஒரு காலை. தேர்வு பத்து மணிக்கு. படப்பைப் பக்கத்திலிருந்து தாம்பரத்துக்கு அருகில் உள்ள எங்கள் கல்லூரிக்கு நாள்தோறும் சைக்கிளில் வரும் மாணவர் ஒருவர் பத்தே முக்காலுக்குத்தான் வந்து சேர்ந்தார். சட்டையெல்லாம் வியர்வை, கையெல்லாம் கறுப்பு. மண்ணிவாக்கத்தைத் தாண்டியதும் பின் டயர் பஞ்சர். வண்டியைத் தள்ளிக்கொண்டே நடந்து, கடை தேடி, ஒட்டுப் போட்டு வந்திருக்கிறார். தேர்வாளர் உள்ளே அனுமதித்தார். ஆனால் இழந்த நேரத்தைத் திருப்பித் தர அவராலும் முடியாது. மாணவர் அளவீடுகளை எடுத்து முடித்தார். வரைபடம் போட நேரம் இல்லை.

மறுநாள் அவர் என்னிடம் வந்தார். "சார், இது ரேஸ் சைக்கிள் டயர். மெல்லியது. நன்றாக ஓடுகிறது, ஆனால் அடிக்கடி பஞ்சர் ஆகிறது. கனமான டயர் போடு என்கிறார் அப்பா. போட்டுப் பார்த்தால் வண்டி ஓடவே மாட்டேன் என்கிறது. எது சரி சார்?"

கேள்வி சிறியது. ஆனால் அதற்கு விடை சொல்ல உராய்வு, அழுத்தம், மீள்மை ஆகிய மூன்று பாடங்களையும் புரட்ட வேண்டியிருக்கிறது. வாருங்கள், நாமும் புரட்டிப் பார்ப்போம்.

ஆற்றல் எங்கே போகிறது?

ஒரு ரப்பர் பந்தை இடுப்பு உயரத்திலிருந்து தரையில் விடுங்கள். அது மீண்டும் இடுப்பு உயரத்துக்கு வருவதில்லை. சற்றுக் கீழேயே நின்றுவிடுகிறது. தரையில் மோதியபோது பந்து நசுங்கியது. நசுக்குவதற்குச் செலவான ஆற்றலை, பழைய வடிவத்துக்குத் திரும்பும்போது பந்து முழுவதுமாகத் திருப்பித் தரவில்லை. ஒரு பங்கு வெப்பமாக மாறிவிட்டது. ரப்பரின் இந்தக் குணத்துக்கு இயற்பியலில் 'தயக்கம்' என்று பெயர்.

சைக்கிள் டயரும் இப்படித்தான். சக்கரம் உருளும்போது, தரையைத் தொடும் இடத்தில் டயர் சற்றுத் தட்டையாகிறது. தரையை விட்டு விலகியதும் மீண்டும் வளைகிறது. ஒவ்வொரு சுற்றிலும் டயரின் ஒவ்வொரு பகுதியும் ஒரு முறை நசுங்கி நிமிர்கிறது. ஒவ்வொரு முறையும் நம் கால்கள் கொடுத்த ஆற்றலில் சிறிது வெப்பமாக வீணாகிறது. உருளும் உராய்வில் பெரும்பகுதி இதுதான்.

இதிலிருந்து நம் சிக்கலின் வேர் புலப்படும். டயரில் ரப்பர் எவ்வளவு தடிப்பாக இருக்கிறதோ, அவ்வளவு பொருள் நசுங்கி நிமிர வேண்டும். அவ்வளவு ஆற்றல் வீணாகும். ஆனால் முள்ளையும் கண்ணாடியையும் தடுத்து நிறுத்துவதும் அதே தடிப்புத்தான்! காப்புத் தரும் பொருளே வேகத்தைத் தின்கிறது. ஆகவே "பஞ்சரே ஆகாது, காற்றாய்ப் பறக்கும்" என்று யாராவது ஒரே டயருக்கு இரண்டு பெருமையும் பேசினால் சற்று யோசியுங்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

எவ்வளவு வேகம் குறைகிறது? ஓட்டுபவரும் வண்டியும் சேர்ந்து 80 கிலோகிராம் என்று கொள்வோம். எடை ஏறத்தாழ 784 நியூட்டன். நல்ல மெல்லிய டயரின் உருளும் உராய்வுக் குணகம் சுமார் 0.004, முரட்டுத் துணியும் தடித்த ரப்பரும் கொண்ட டயருக்குச் சுமார் 0.008 என்று வைத்துக்கொள்ளலாம். எனவே மெல்லிய டயரின் தடை விசை சுமார் 3 நியூட்டன். தடித்த டயரின் தடை சுமார் 6 நியூட்டன்.

மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் செல்லும்போது இந்தத் தடைகளை வெல்ல முறையே 22 வாட், 44 வாட் திறன் வேண்டும். இத்துடன் காற்றின் தடை வேறு இருக்கிறது. அதே வேகத்தில் காற்றை விலக்கிக்கொண்டு போகச் சுமார் 87 வாட் தேவை. ஆக, மெல்லிய டயரில் 25 கி.மீ. வேகத்துக்கு மொத்தம் 109 வாட் போதும். அதே 109 வாட்டைத் தடித்த டயரில் செலவிட்டால் வேகம் மணிக்கு 23 கி.மீ. அளவுக்கு இறங்கிவிடும்.

பதினைந்து கிலோமீட்டர் தூரத்தை மெல்லிய டயரில் 36 நிமிடங்களில் கடக்கலாம்; தடித்த டயரில் 39 நிமிடங்கள் ஆகும். "வண்டி ஓடவே மாட்டேன் என்கிறது" என்று நம் மாணவர் சொன்னாரே, அந்த வேறுபாடு கடிகாரத்தில் வெறும் மூன்று நிமிடம்! கால்களுக்கு அது பெரிதாகத் தெரிகிறது, கடிகாரத்துக்குத் தெரிவதில்லை.

மெல்லிய டயர் ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு நிமிடம் மிச்சப்படுத்துகிறது. இப்போது பஞ்சருக்கு வருவோம். வண்டியைத் தள்ளிக்கொண்டு கடைக்கு நடந்து, ஒட்டுப் போட்டுக் கிளம்ப ஐம்பது நிமிடம் என்று கொண்டால், அந்த இழப்பை ஈடுகட்ட 250 கி.மீ. ஓட்ட வேண்டும். தினமும் போக வர முப்பது கிலோமீட்டர் செல்பவருக்கு இது எட்டு அல்லது ஒன்பது நாள். தடித்த டயரை விட மெல்லிய டயர் எட்டு நாளுக்கு ஒரு பஞ்சர் அதிகமாகத் தந்தால் கணக்கு சமம். அதை விட அரிதாகத் தந்தால் மெல்லிய டயருக்கே லாபம். மாற்று டியூபும் கைப்பம்பும் வைத்துக்கொண்டு இருபது நிமிடத்தில் நாமே மாற்றிவிட்டால் 100 கி.மீ. போதும், லாபம் இன்னும் கூடும்.

அப்படியானால் மெல்லிய டயர்தான் சரியா? இங்கேதான் கவனம் வேண்டும். சராசரி சொல்வது ஒன்று, வாழ்க்கை கேட்பது வேறொன்று. தினமும் மூன்று நிமிடம் முன்னதாக வந்து மரத்தடியில் நிற்பதால் நம் மாணவருக்கு என்ன கிடைத்தது? ஒன்றுமில்லை. ஒரே ஒரு நாள் நாற்பத்தைந்து நிமிடம் தாமதமானதால் ஒரு வரைபடம் போயிற்று. எட்டு மணி ஷிப்டுக்குப் போகிறவருக்கு அது அரை நாள் சம்பளமாக இருக்கலாம். ஆகவே டயர் வாங்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "எது வேகமானது?" என்பதன்று. "வழியில் நின்றுபோனால் நான் எதை இழப்பேன்?" என்பதே.

நம் சாலையில் கிடப்பவை

அடுத்த கேள்வி, நம் சாலையில் டயரைக் குத்துபவை எவை என்பது. தென்சென்னைப் புறநகரில் நான்கு எதிரிகள் உண்டு.

முதலாவது கல். பல்லாவரம், திரிசூலம், பரங்கிமலைக் குன்றுகளின் பாறைக்குச் சார்னோக்கைட் என்று பெயர். கல்கத்தாவில் உள்ள ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் இவ்வகைப் பாறையே என்பதால், 1893 இல் தாமஸ் ஹாலந்து என்ற புவியியலாளர் இதற்கு அப்பெயரைச் சூட்டினார். இதில் குவார்ட்சு கலந்திருக்கிறது. கடினத்தன்மை அளவில் குவார்ட்சு 7. சாதாரணக் கண்ணாடி 5½ அளவில் இருக்கும். எனவே உடைந்த ஜல்லியின் கூரிய விளிம்பு ரப்பரை எளிதாக வெட்டிவிடும். சாலை போடும் இடங்களிலும் லாரிகள் திரும்பும் முனைகளிலும் இத்தகைய சில்லுகள் சிதறிக் கிடக்கும்.

இரண்டாவது முள். ஏரிக்கரைகளிலும் காலி மனைகளிலும் சீமைக் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. வேலி வெட்டும் நாளில் சாலை ஓரமெல்லாம் முள்தான். நெருஞ்சியும் உண்டு. நம் நாட்டு நெருஞ்சி அமெரிக்காவிலும் பரவியிருக்கிறது. அங்கே அதற்கு வழங்கும் பெயர் என்ன தெரியுமா? 'பஞ்சர் கொடி'!

மூன்றாவது கண்ணாடித் துண்டு. நான்காவதுதான் நம் மாணவரை நிறுத்தியது. அவருடைய டயருக்குள் விரலால் தடவிப் பார்த்தபோது தலைமயிர் போன்ற எஃகுக் கம்பி ஒன்று அகப்பட்டது. லாரி டயர்களின் உள்ளே மெல்லிய எஃகு இழைகள் உண்டு. டயர் வெடித்துச் சிதறும்போது அவை சாலையில் விழுகின்றன. வண்டலூர்-வாலாஜாபாத் சாலையிலும் ஜி.எஸ்.டி. சாலையிலும் கனரக வண்டிகள் ஓயாமல் ஓடுகின்றன. எனவே அவற்றின் ஓரங்களில் இந்தக் கம்பிக்குக் குறைவே இல்லை.

சிறு கம்பி எப்படி டயரைத் துளைக்கிறது? அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தால் கிடைப்பது. கம்பி முனையின் பரப்பு 0.1 சதுர மி.மீ. என்றும், அதன்மேல் ஒரே ஒரு கிலோகிராம் எடை தாங்குகிறது என்றும் கொள்வோம். அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1000 கிலோகிராம், அதாவது ஏறத்தாழ ஆயிரம் வளிமண்டல அழுத்தம்! டயருக்குள் நாம் அடிக்கும் காற்றின் அழுத்தம் ஐந்தாறு வளிமண்டலம்தான்.

மழைக்காலத்தில் பஞ்சர் அதிகம் என்று கடைக்காரர்கள் சொல்வதிலும் உண்மை உண்டு. ஆய்வகத்தில் ரப்பர் தக்கையில் துளையிடும்போது துளைப்பானை நனைத்துக்கொள்கிறோம் அல்லவா? நீர் மசகாகி, உலோகம் ரப்பரில் வழுக்கிக்கொண்டு இறங்குகிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை நம் சாலைகளில் நடப்பதும் அதுவே. மேலும் மழைநீர் சில்லுகளையெல்லாம் சைக்கிள்காரர் செல்லும் ஓரத்துக்கே அடித்து வந்து சேர்க்கிறது.

காப்புப் பட்டை

ரப்பரைத் தடிப்பாக்காமல் காப்புத் தர வழி உண்டா? உண்டு. 1965 இல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் ஸ்டெபனி குவோலெக் என்ற வேதியியலார் கண்ட இழையிலிருந்து 'கெவ்லார்' பிறந்தது. துப்பாக்கிக் குண்டைத் தாங்கும் அங்கிகளில் பயன்படுவது இதுவே. இத்தகைய இழையால் நெய்த மெல்லிய பட்டையை டயரின் மேல் ரப்பருக்கு அடியில் பதிக்கிறார்கள். கண்ணாடியையும் கல் விளிம்பையும் இது நன்றாகத் தடுக்கும். ஏனெனில் அவை இழைகளை அறுத்தால்தான் உள்ளே போக முடியும். ஆனால் மெல்லிய எஃகுக் கம்பி இழைகளுக்கு இடையே நுழைந்துவிடும், நெருக்கமான துணியிலும் ஊசி நுழைவதைப் போல. கம்பிக்கு எதிரான காப்பு பெரும்பாலும் தடிப்புத்தான். ஆகவே லாரிச் சாலையில் செல்பவர் பட்டையோடு ஓரளவு தடிப்பும் உள்ள டயரை வாங்குவது நல்லது.

அகலமானது மெதுவானதா?

"மெல்லிய டயர், நிறையக் காற்று, நிறைய வேகம்" என்பது நெடுநாளைய நம்பிக்கை. இதில் பாதிதான் உண்மை.

பின் சக்கரம் 48 கிலோகிராம் எடையைத் தாங்குகிறது என்போம். டயரில் 80 பவுண்டு காற்று இருந்தால் (ஒரு சதுர அங்குலத்துக்கு 80 பவுண்டு), தரையைத் தொடும் பரப்பு சுமார் 8½ சதுர சென்டிமீட்டர், அதாவது ஒரு தீப்பெட்டியின் மேற்புறத்தில் பாதி. காற்று 40 பவுண்டாகக் குறைந்தால் முழுத் தீப்பெட்டி. டயர் அகலமா குறுகலா என்பது இந்தப் பரப்பைப் பெரிதாக மாற்றுவதில்லை. அதன் வடிவத்தைத்தான் மாற்றுகிறது. குறுகிய டயரில் அது நீளமாக இருக்கும். அகன்ற டயரில் குட்டையாக இருக்கும். நீளமாகத் தட்டையாக வேண்டுமானால் டயர் அதிகம் நசுங்க வேண்டும். எனவே ஒரே அழுத்தத்தில், ஒரே தரத்துத் துணியும் ரப்பரும் இருந்தால், அகன்ற டயரே சற்று எளிதாக உருளும்!

ஆனால் அகன்ற டயரில் அதே அழுத்தம் அடிக்கலாமா? கூடாது. டயர்த் துணியின் விறைப்பு, அழுத்தத்தையும் டயர்க் குழாயின் ஆரத்தையும் பெருக்கினால் வருவது. 25 மி.மீ. அகல டயரில் 90 பவுண்டு அடித்தாலும், 32 மி.மீ. டயரில் 70 பவுண்டு அடித்தாலும் துணியின் விறைப்பு ஒன்றே. பெருக்கிப் பாருங்கள்: 90 × 12½ = 1125; 70 × 16 = 1120.

அழுத்தம் குறைவதில் ஒரு நன்மையும் உண்டு. சலவைக்கல் தரையில் ஓட்டினால் காற்றைக் கூட்டக் கூட்ட வண்டி எளிதாக உருளும். ஜல்லி துருத்திய சாலையில் அப்படியல்ல. கல் போல இறுகிய டயர் ஒவ்வொரு ஜல்லியிலும் வண்டியையும் ஆளையும் சேர்த்துத் தூக்கிப் போடுகிறது. அந்த ஆற்றல் நம் உடம்பின் தசைகளில் குலுங்கி வீணாகிறது. காற்றைச் சற்றுக் குறைத்தால் டயரே ஜல்லியை விழுங்கிக்கொண்டு உருளும். ஆக நம் புறநகர்ச் சாலைகளில், 32 மி.மீ. டயர் 25 மி.மீ. டயரை விடப் பெரிதும் பின்தங்குவதில்லை. மேலும் அதில் காப்புப் பட்டைக்கும் இடம் இருக்கிறது.

காற்று மிகவும் குறைந்தால் வேறொரு ஆபத்து. பள்ளத்தில் இறங்கும்போது டியூப், ரிம்முக்கும் கல்லுக்கும் இடையே நசுங்கிவிடும். அப்போது பாம்பு கடித்தாற்போல இரண்டு ஓட்டைகள் அருகருகே விழும். பஞ்சர் கடையில் டியூபைத் தண்ணீரில் முக்கும்போது கவனியுங்கள். ஒரு இடத்தில் குமிழி வந்தால் முள் அல்லது கம்பி. இரண்டு இடத்தில் இணையாக வந்தால் காற்றுக் குறைவு. முதலாவதற்கு டயரைக் குறை சொல்லலாம். இரண்டாவதற்கு நம்மைத்தான் சொல்ல வேண்டும்.

வெயிலையும் மறக்கக் கூடாது. காலை 25 டிகிரியில் 80 பவுண்டு அடித்த டயர், நண்பகல் வெயிலில் நின்று 50 டிகிரிக்குச் சூடானால் உள்ளே 88 பவுண்டு ஆகிவிடும். இது வாயு விதியின் வேலை. ஆகவே டயரின் பக்கவாட்டில் அச்சிட்டுள்ள உச்ச அளவு வரை காற்றடித்து வெயிலில் நிறுத்தாதீர்கள்.

பட்டன் தேவையா?

டயரின் மேல் ஆழமான வரிகளும் 'பட்டனும்' இருந்தால்தான் மழையில் வழுக்காது என்று பலர் நினைக்கிறார்கள். கார் அப்படித்தான், சைக்கிள் அப்படியில்லை. நீர்ப்படலத்தின்மேல் டயர் மிதக்கத் தொடங்கும் வேகத்துக்கு, விமானச் சக்கரங்களை ஆராய்ந்த நாசா ஒரு சூத்திரம் தந்தது. அதன்படி 80 பவுண்டு காற்றுள்ள டயர் மிதக்க மணிக்குச் சுமார் 149 கி.மீ. வேகம் வேண்டும்! அந்த வேகத்தில் நீங்களும் நானும் சைக்கிள் மிதிக்கப் போவதில்லை. தார்ச் சாலைக்கு வழவழப்பான டயரே போதும். பட்டன் மண் பாதைக்கு உரியது. தாரில் அது நசுங்கி நசுங்கி ஆற்றலை வீணாக்கும். மழையில் வழுக்குவதற்குக் காரணம் எண்ணெய்ப் பசையும், சாலைக் கோட்டு வண்ணமும், சாக்கடை மூடியும்; அவற்றின்மேல் வளைக்காமல் நேராகச் செல்லுங்கள்.

வாங்கும்போது

இனி நம் மாணவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் டயரின் அளவெண்ணைப் படியுங்கள். '28-622' என்றால் டயரின் அகலம் 28 மி.மீ.; ரிம்மில் அமரும் விட்டம் 622 மி.மீ. ரேஸ் சைக்கிள்களின் அளவு இது. நம் ஊர்ப் பழைய கறுப்புச் சைக்கிள்களில் வரும் '28 × 1½' டயரின் விட்டம் 635 மி.மீ. இரண்டையும் '28 அங்குலம்' என்று அழைப்பதுண்டு; ஆனால் ஒன்றின் ரிம்மில் மற்றொன்று பொருந்தாது. அகன்ற டயர் வாங்கும் முன், பிரேக்குக்கும் சட்டத்துக்கும் இடையே அது சுழல இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

அன்றாடம் லாரிச் சாலையில் வேலைக்கோ படிப்புக்கோ செல்பவருக்கு, காப்புப் பட்டை உள்ள 32 மி.மீ. டயர். இடம் போதாவிட்டால் 28. எழுபது கிலோ எடையுள்ளவர் 32 இல் எழுபது பவுண்டிலிருந்து தொடங்கலாம். கனமானவர் சற்றுக் கூட்டவும், இலேசானவர் குறைக்கவும் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை விடியலில் கேளம்பாக்கம் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போகும் இளைஞருக்கு மெல்லிய டயரே மகிழ்ச்சி தரும். பஞ்சர் ஆனாலும் அவர் இழப்பது இருபது நிமிடம்தான். பையில் மாற்று டியூப் இருந்தால் போதும்.

பின் சக்கரம்தான் அதிகம் பஞ்சராகும். எடை அதிகம் அங்கே. முன் சக்கரம் கிளப்பிவிடும் ஆணியும் பின் சக்கரத்தில்தான் ஏறும். எனவே ஒரு டயர் மட்டும் வலுவானதாக வாங்க முடிந்தால் பின்னால் போடலாம். ஆனால் தேய்ந்த டயரை மட்டும் ஒருபோதும் முன்னால் போடாதீர்கள். பின் டயர் காற்றிழந்தால் வண்டி ஆடும். முன் டயர் திடீரென்று காற்றிழந்தால் வண்டி நம் பேச்சைக் கேட்காது. பக்கத்தில் பேருந்து வரும் ஜி.எஸ்.டி. சாலையில் அது உயிர்ப் பிரச்சினை.

கடைசியாக, செலவில்லாத காப்பு ஒன்று உண்டு. வாரம் ஒரு முறை காற்றை அளந்து அடியுங்கள். அப்போதே சக்கரத்தை மெல்லச் சுற்றி, மேல் ரப்பரில் பதிந்திருக்கும் கண்ணாடிச் சில்லையும் முள்ளையும் குத்தூசியால் எடுத்துவிடுங்கள். பல சில்லுகள் முதல் சுற்றிலேயே டியூபைத் தொடுவதில்லை; ஒவ்வொரு சுற்றிலும் சிறிது சிறிதாக உள்ளே இறங்குகின்றன. பஞ்சர் ஒட்டிய பின், டயரின் உட்புறத்தைப் பஞ்சால் தடவிப் பாருங்கள். பஞ்சு சிக்கும் இடத்தில் கம்பி இருக்கிறது. அதை எடுக்காமல் டியூபை மாட்டினால் அதே ஓட்டை மறுநாளும் விழும்.

நம் மாணவர் பட்டை உள்ள 28 மி.மீ. டயர் வாங்கினார், அவர் வண்டியில் அதற்குத்தான் இடம் இருந்தது. மாற்று டியூப் ஒன்றைச் சீட்டுக்கு அடியில் கட்டிக்கொண்டார். ஒரு நோட்டில் ஓட்டிய தூரத்தையும், ஆன பஞ்சரையும், அதன் காரணத்தையும் எழுதி வருகிறார். அந்த நோட்டும் ஒரு செய்முறை ஏடுதான். நீங்களும் தொடங்கிப் பாருங்கள். உங்கள் சாலைக்கு எந்த டயர் என்பதை, எந்த விளம்பரத்தையும் விட அது சரியாகச் சொல்லும்.